போன எபிசோடில் நான் சொன்ன 1875



இந்த முறை முதலில் ஒரு திருத்தம். போன எபிசோடில் பேட்டரிகளைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு போகும்போது இடையில ஒரு கதை சொன்னேன். வியன்னாவில் சீக்ஃபிரீட் மார்குஸ் என்று ஒருவர் இருந்தார், அவர் 1875இலேயே பெட்ரோலில் ஓடுற வண்டி செய்துட்டார், கார்ல் பென்ஸ் பதினொரு வருஷம் பிந்தித்தான் காப்புரிமை எடுத்தார், மார்குஸ் யூதர் என்றபடியால் நாசிகள் அவரைச் சரித்திரத்தில் இருந்தே அழிக்கப் பார்த்தாங்கள். இதுதான் நான் சொன்னது.

கடைசிப் பகுதி உண்மை. 1875 உண்மை இல்லை. ஒஸ்ரியாவில் இருந்து கேட்கிற ஒரு தங்கச்சி மறுநாளே எழுதிட்டா: "அண்ணா, அந்த வண்டி 1888, 89 காலத்தது. ஒருக்கா செக் பண்ணிப் பாருங்கோ." பார்த்தேன். அவ சொன்னதுதான் சரி.

இரண்டு வரியில் 'வருந்துகிறோம்' என்று போட்டிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என்னோட சேர்ந்து பொட்காஸ்ட் செய்யிற தோழி ஒரு கேள்வி கேட்டா. "அந்த மனுசன்ட பேரை ஏற்கெனவே ஒருக்கா அழிச்சவங்கள். இப்ப நீயும் ஏன் அழிறப்பரோட நிக்கிறாய்?"

அந்தக் கேள்வி இரண்டு கிழமையாக என்னை விடவில்லை. இன்றைய கடிதம் அதுக்கான பதில்.

முதலில் வண்டி

போன வருஷம் வியன்னாவில் எனக்கு மூன்று மாதக் கொன்ட்ராக்ட் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. வேற போக்கிடம் இல்லாமல் அங்குள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கேதான் மார்குஸின் வண்டி நிற்குது. பூங்கா வாங்கு ஒன்றைத் தூக்கி மாட்டுவண்டியில் வைச்சு ஆணி அடிச்ச மாதிரி ஒரு தோற்றம். மரச் சட்டம், மரச் சில்லுகள், சில்லைச் சுற்றி இரும்புப் பட்டை. அடியில் படுக்கையாக ஒரே ஒரு சிலிண்டர். நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஓடும்.

ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்று விளங்கும். திருப்புறதுக்கு வட்டமான ஸ்டியரிங் இருக்கு. பென்ஸின் முதல் மூன்று சில்லு வண்டியில் இருந்தது வெறும் கைப்பிடி. பெட்ரோலைக் காற்றோட கலக்கிறதுக்கு ஒரு சுழலும் தூரிகை: பெட்ரோலில் தோய்ந்து சுற்றி, துளித்துளியாகத் தெளிக்கும். பற்றவைக்கிறதுக்கு மேக்னீட்டோ, அதாவது பேட்டரி இல்லாமல் தானே மின்பொறி உண்டாக்கிற அமைப்பு. அதில் மார்குஸ் விண்ணன். 1831இல் வடஜெர்மனியில் மால்கின் என்ற சின்ன ஊரில் பிறந்து, பெர்லினில் சீமென்ஸ் & ஹால்ஸ்கே பட்டறையில் தந்திக் கருவிகளோட வேலை பழகி, 1852இல் வியன்னாவுக்கு வந்தவர். சுரங்கங்களில் வெடி வைக்கிறதுக்கு மின்சாரப் பற்றவைப்புக் கருவி செய்து பெயர் எடுத்தவர். மின்பொறிதான் அவருடைய வாழ்நாள் வேலை.

இதுக்கு முன்னம் அவர் இன்னொன்று செய்தவர். ஒரு தள்ளுவண்டியில் எஞ்சினைப் பூட்டினார். பின்சில்லுகளே எஞ்சினுக்குப் பறக்கும் சக்கரமாகவும் வேலை செய்ததால், அதை ஸ்டார்ட் பண்ணுறதுக்குப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க வேணும். கிளட்ச் இல்லை. அந்த வண்டி இப்ப இல்லை. படம் இருக்கு, அந்தப் படத்துக்குரிய ஆண்டு 1870.

இதை ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்கோ, திரும்ப வருவேன்.

ஆண்டு எப்படி ஒட்டிக்கொண்டது

1898இல் வியன்னாவில் ஒரு கண்காட்சி. அதில் மார்குஸின் வண்டியையும் கொண்டுவந்து வைத்தார்கள், 1877 என்ற ஆண்டோட. மார்குஸ் அந்த வருஷம் ஜூலை முதலாம் திகதி இறந்துபோனார். பிறகு வந்த எழுத்துகளில் 1877 இன்னும் பின்னுக்குப் போய் 1875 ஆகிட்டுது. ஒருவர் எழுதினதை மற்றவர் எடுத்தெழுத, பாடப்புத்தகம், கார்ப் புத்தகம் எல்லாத்திலும் 1875. நானும் சின்ன வயசில பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு பழைய ஜெர்மன் கார்ப் புத்தகத்தில்தான் அதை வாசிச்சேன். இருபது வருஷத்துக்கு மேலாக அது எனக்கு ஒரு 'உண்மை'.

யாரும் வேணுமென்று பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை. 1870இல் ஒரு வண்டி உண்மையாகவே ஓடியிருக்கு. கண்முன்னால நிற்கிறது வேற வண்டி. இரண்டு ஞாபகமும் ஒன்றோட ஒன்று கலந்திருக்க வேணும்.

எங்கட தொழிலில் இது நாளாந்தம் நடக்கிறது. ஒரு இடத்தில் பழைய ஜாவா ப்ரோகிராம் ஒன்றை என் கையில் தந்தார்கள். மேலே கொமெண்டில் 'உருவாக்கியது 1999' என்று இருந்தது. உள்ளே போனால் எல்லா இடமும் ஜெனெரிக்ஸ். ஜெனெரிக்ஸ் ஜாவாவுக்கு வந்ததே 2004இல், ஐந்தாம் பதிப்போடதான். யாரோ ஒருவர் பழைய ஃபைல் ஒன்றைக் கொப்பி பண்ணி, மேல்வரியை மாற்றாமல், கீழே புதுசாக எழுதியிருக்கிறார். மோசடி இல்லை, சோம்பல். ஆனால் அந்த 1999ஐ நம்பி நான் பிழை தேடியிருந்தால் பிழையான இடத்தில்தான் ஒரு மாதம் நின்றிருப்பேன்.

பழைய வண்டியை அடையாளம் காண்கிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். வண்டியில் எழுதியிருக்கிறதை நம்புறதில்லை. வண்டிக்குள்ளே என்ன இருக்கு என்று பார்க்கிறார்கள். எஞ்சின் எந்த வகை, அந்த வகை எப்ப வந்தது? நட்டு, போல்ட்டில் மரை எந்த அளவு? பற்றவைப்பு முறைக்குக் காப்புரிமை எப்ப? செய்த பட்டறையின் கணக்குப் புத்தகம் எங்கே?

மார்குஸின் வண்டியில் இருக்கிறது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். நிக்கோலஸ் ஓட்டோ தன்னுடைய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை ஓடவைச்சது 1876இல். அப்படியென்றால் 1875இல் மார்குஸ் பென்ஸை மட்டும் இல்லை, ஓட்டோவையும் முந்தியிருக்க வேணும். அதுவும் அந்தக் காலத்துப் பத்திரிகையிலோ காப்புரிமையிலோ ஒரு தடயமும் விடாமல். இந்த வண்டியில் இருக்கிற மாதிரியான பற்றவைப்புக்கு அவர் காப்புரிமை எடுத்ததும் 1880களில்தான். பிறகு வந்த ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தேடிப் போனபோது வண்டி செய்த இடமே தெரிய வந்தது: மொராவியாவில், இன்றைய செக் நாட்டில், ஆடமோவ் என்ற ஊரில் இருந்த மார்க்கி, புரோமோவ்ஸ்கி & ஷுல்ட்ஸ் தொழிற்சாலை. காலம் 1888, 89.

ஆண்டுக்குப் பின்னால காசு

'ஒரு பத்துப் பதினைந்து வருஷ வித்தியாசம், அதுக்கு ஏன் இவ்வளவு பாடு?' என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு ஆண்டு கார் விற்றவர்கள் எல்லாரையும் ஆட்டிப்படைச்சது.

ஜோர்ஜ் செல்டன் என்ற காப்புரிமை வழக்கறிஞர் 1879இல் மோட்டார் வண்டிக்கு விண்ணப்பம் போட்டார். திருத்தம், திருத்தம் என்று இழுத்து, கார்கள் வியாபாரமாக வரத் தொடங்கிற நேரம் பார்த்து 1895இல் காப்புரிமையை வாங்கினார். பிறகு அமெரிக்காவில் கார் செய்கிறவர்கள் பலர் அதுக்குப் பங்கு கட்ட வேண்டி வந்தது. ஹென்ரி ஃபோர்ட் மறுத்தார். வழக்கு. செல்டன் விண்ணப்பம் போட்டபோது ஓடுற வண்டி என்று ஒன்று இல்லவே இல்லை. வழக்குக்காகத்தான் பிறகு செய்தார்கள். செய்து, அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் '1877' என்று பெயின்ட் அடித்தார்கள்! அந்த வண்டியில் செல்டன் இருக்கிற படம் இப்பவும் இருக்கு.

1909இல் செல்டன் பக்கம் தீர்ப்பு. 1911இல் மேல்முறையீட்டில் ஃபோர்ட் வென்றார். காரணம் என்ன தெரியுமா? செல்டனின் காப்புரிமை பிரேட்டன் வகை எஞ்சினுக்கு, ஃபோர்ட் ஓடவைச்சது ஓட்டோ வகை எஞ்சின். நீதிபதிகள் பக்கத்தில் அடிச்ச பெயின்டைப் பார்க்கவில்லை, உள்ளே இருந்த எஞ்சினைப் பார்த்தார்கள்.

இன்றைக்கும் ஆண்டு என்றால் காசுதான். லண்டனில் இருந்து பிரைட்டனுக்கு ஒவ்வொரு நவம்பரிலும் போகிற பழைய வண்டி ஓட்டத்தில் 1905க்கு முன்னம் செய்த வண்டிகளுக்குத்தான் இடம். ஒரு வண்டி 1904ஆ 1905ஆ என்றதில் அதன் விலையே மாறும். அதனால்தான் பழைய வண்டிக்காரர் பிரித்தானியாவில் ஆண்டைத் தீர்மானிக்கிறதுக்கு என்றே ஒரு குழு வைச்சிருக்கிறார்கள்.

இரண்டு அழிப்பு

இப்ப என் தோழியின் கேள்விக்கு வருவம்.

நாசிகள் செய்தது இது. 1932இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு முன்னால மார்குஸுக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்திருந்தார்கள். 1938இல் ஒஸ்ரியா ஹிட்லர் கைக்குப் போனதும் அது அகற்றப்பட்டது. 1940 ஜூலையில் கோயபெல்ஸின் பிரசார அமைச்சில் இருந்து டைம்லர்-பென்ஸுக்கு ஒரு கடிதம் போனது: காரைக் கண்டுபிடித்தவர்கள் என்று இனிமேல் மார்குஸை இல்லை, டைம்லரையும் பென்ஸையும்தான் போட வேணும் என்று கலைக்களஞ்சியப் பதிப்பகங்களுக்குச் சொல்லியாச்சு என்று. போர் முடிந்து 1948இல்தான் சின்னம் திரும்ப வந்தது. 1950இல் வண்டியையும் திருத்தி வியன்னா வீதியில் ஓட்டிக் காட்டினார்கள்.

அந்த நேரத்தில் யாருக்கு மனம் வரும் 1875ஐக் கேள்வி கேட்க? அநியாயமாகப் பறிச்ச பெயரைத் திருப்பிக் கொடுக்கிற நேரம் அது. ஆண்டைத் தட்டிக் கேட்டால் கோயபெல்ஸின் ஆள் என்று நினைப்பார்கள். என் தோழி கேட்டதும் அதே இடத்தில் இருந்துதான். அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கு, அதை நான் தட்டிவிட மாட்டேன்.

ஆனால் இரண்டு வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைச்சுப் பாருங்கோ. நாசிகளுக்கு முடிவு முதலில் தெரியும்: யூதர் காரைக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாது. ஆதாரம் அவர்களுக்குத் தேவையே இல்லை, ஒரு கடிதம் போதும். பிறகு வந்த ஆய்வாளர்கள் எஞ்சினையும் ஆவணத்தையும் பார்த்து, தங்களுக்கே பிடிக்காத முடிவுக்கு வந்தார்கள். ஒஸ்ரியர்களுக்குத் தங்கட நாட்டின் பெருமை குறையிறது பிடிக்குமா என்ன? அப்படியிருந்தும் எழுதினார்கள். அவர்கள் மார்குஸை அகற்றவும் இல்லை. வண்டியை அவருடைய பெயரோடயே வைச்சு, ஆண்டை மட்டும் திருத்தினார்கள். முன்னதில் ஆளையே தூக்கினார்கள், பின்னதில் ஒரு இலக்கத்தை மாற்றினார்கள்.

இன்னொன்று. பிழையான 1875ஐப் பிடிச்சுக்கொண்டு நின்றால் மார்குஸுக்குத்தான் நட்டம். ஒருநாள் யாரோ ஒருவர் அந்த ஆண்டை உடைப்பார். உடைச்ச கையோட 'அப்ப மிச்சமும் பொய்தானே' என்பார். நாசிகள் அழிச்ச கதையைக்கூட நம்ப மாட்டார்கள். 1875ஐ நாங்களே எடுத்துப்போட்டால் மிஞ்சிறது எல்லாம் உறுதியானது: 1870 தள்ளுவண்டி, மேக்னீட்டோ, சுழலும் தூரிகை, 1880களின் கடைசியில் செய்து இன்றைக்கும் எங்கட கண்முன்னால நிற்கிற வண்டி. பென்ஸுக்குப் பதினைந்து வருஷம் முன்னம் ஒரு மனிதர் வியன்னாவில் எஞ்சின் வண்டி ஓட்டினார் என்றதுக்கு அந்த 1870 படமே போதும். அதுக்கு ஊன்றுகோல் தேவையில்லை.

ஆண்டைத் திருத்தினபோது நடந்த இன்னொரு நல்லது: 1875 கதையில் மார்குஸ் தனியாள், ஒரு மேதை. 1888, 89 கதையில் ஆடமோவ் வருது. அந்த வண்டியை உருக்கி, வார்த்து, கடைஞ்சு பூட்டின தொழிலாளர்கள் வருகிறார்கள். பழைய ஆண்டு இருந்தவரைக்கும் அவர்களுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை.

அதனால் பழைய வண்டி திருத்துறதைப் பற்றி என் கருத்து இதுதான்: முதலில் திருத்த வேண்டியது எஞ்சினை இல்லை, ஆண்டை. பெயின்டைச் சுரண்ட முன்னம், துருப்பிடிச்ச போல்ட்டைக் கழற்றி எறிய முன்னம், அது என்ன, எப்ப, யார் செய்தது, எப்படித் தெரியும் என்று எழுதிவைக்க வேணும். மாற்றுற ஒவ்வொரு பாகமும் ஒரு சாட்சியைக் கூட்டிக்கொண்டு போகுது. ஓடிக் காட்ட வேணும் என்றால் பிரதி ஒன்று செய்யலாம். மார்குஸின் வண்டிக்கும் ஓடுற பிரதி ஒன்று செய்திருக்கிறார்கள். மூலம் நின்று சாட்சி சொல்லட்டும்.

வீட்டில ஒரு ஒஸ்ரின்

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எங்கட வீட்டுக் கதை ஒன்று நெருடினது.

எங்கட வீட்டு ஹோலில் அப்பப்பாவின் படம் இருக்கு. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு முற்றத்தில், ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். "இலங்கைக்குச் சுதந்திரம் கிடைச்ச வருஷம் வாங்கின கார், ஊரிலயே முதல் கார்" என்று அப்பா வீட்டுக்கு வாற எல்லாருக்கும் சொல்லுவார். நானும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் வைச்சுப் பார்த்தேன். உருண்டையான உடம்பு, வளைஞ்ச முன்பக்கம். அது சோமர்செட். ஏ40இல் டெவன் வகைதான் 1947இல் வந்தது. சோமர்செட் வந்தது 1952இல். 1948இல் அந்தக் கார் உலகத்திலேயே இல்லை.

அப்பாட்டச் சொல்லுறதா விடுறதா என்று ஒரு நாள் யோசிச்சேன். ஊரில் இருந்து அப்பா கொண்டுவந்ததே நாலைந்து படம்தான். அதில் ஒன்றைத் தொட்டுப் 'பிழை' என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? தோழியின் கேள்வி இப்ப என் வீட்டிலயே நின்றது.

சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப அப்பப்பா பொய் சொன்னவர் எண்டுறியோ?"

"இல்லை அப்பா. கார் 1952க்குப் பிறகு வாங்கினது எண்டு மட்டும்தான் சொல்லுறன்."

படத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் தொடங்கினார். அது புதுசாக வாங்கின கார் இல்லையாம், கொழும்பில் வேலை செய்த ஒரு சொந்தக்காரர் பாவிச்சுக் கொடுத்ததாம். அப்பம்மா இரண்டு காப்பு விற்றவவாம். காப்பு விற்ற கதையை அப்பா எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. 1990களில் பொருளாதாரத் தடை போட்டுப் பெட்ரோல் இல்லாமல் போனபோது, அதே காரை அப்பாதான் மண்ணெண்ணெயில் ஓட்டினாராம். நாலு துளி பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் பிடிச்ச உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாராம். புகையில் முகம் எல்லாம் கறுப்பாம். 1995 இடப்பெயர்வில் கார் முற்றத்திலேயே நின்றுபோச்சாம்.

"அந்தக் காரில கடைசியா ஒரிஜினலா இருந்தது ஸ்டியரிங் மட்டும்தான்" என்றார். எந்தப் பாகம் எப்ப மாற்றினது என்று இரவு பதினொரு மணிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

'சுதந்திரத்தோட வந்த கார்' என்ற ஒரு வரி இத்தனை வருஷமாக இந்தக் கதைகள் எல்லாத்துக்கும் மேலே மூடியாக இருந்திருக்கு.

எங்கட குடும்பங்களில் எவ்வளவோ தொலைஞ்சுபோச்சு, எரிஞ்சுபோச்சு. அதனால் மிஞ்சினதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கை கூசும். எனக்கும் கூசினது. ஆனால் குறைவாக மிஞ்சினவர்கள்தான் கூடக் கவனமாக எழுதிவைக்க வேணும் என்று இப்ப நினைக்கிறேன். நாளைக்கு எங்களை நம்பாதவன் ஒருவன் வந்து எங்கட படத்தைக் கழற்றிப் பார்ப்பான். அவனுக்கு முன்னம் நாங்களே பார்த்திருந்தால் நல்லது.

எனவே இந்தக் கிழமைக்கு ஒரு சின்ன வேலை. உங்கட வீட்டில ஒரு பழைய படமோ, தையல் மெஷினோ, வானொலியோ இருந்தால் அதுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கோ. என்ன தெரியும், யார் சொன்னது, நீங்களே பார்த்தது எது, வெறும் கேள்விப்பட்டது எது என்று தனித்தனியாக. கேள்விப்பட்டதை அழிக்க வேண்டாம். 'கேள்விப்பட்டது' என்று போட்டால் போதும். ஆனால் அப்பா, அம்மா, மாமாட்ட இந்த மாதமே கேளுங்கோ.

போன எபிசோடில் இருக்கிற 1875ஐ வெட்டப் போறதில்லை. அது அப்படியே கிடக்கட்டும். குறிப்பில் திருத்தத்தைச் சேர்த்திருக்கிறோம், திகதியோட. தோழி இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த எபிசோடில் அவ தன்ட பக்கத்தைச் சொல்லுவா.

கடிதம் எழுதின தங்கச்சிக்கு நன்றி. அடுத்த முறை சந்திப்பம்.